பல்லுப்பாறைக்கு நாலு இஞ்ச்

புஷ்பலதாவின் முதுகு ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி குறித்த நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். ரெண்டு இஞ்சா, நாலு இஞ்சா? மனைவிக்கு ஆபரேஷன் என்றால் மற்றவர்கள் சாமிக்கு வேண்டிக்கொள்வார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன்.

வண்டி தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஆர்மடா ஜீப். ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் தார்ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பிரிகிற மண்தடம் மூன்று கிலோமீட்டர். அதில் இரண்டரையாவது கிலோமீட்டரில் தடத்துக்குக் குறுக்கே பல்லுப்பாறை கிடக்கிறது. எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் வண்டியின் அடிவயிறு அதில் டங்கென்று ஒருமுறை இடித்துவிட்டுத்தான் தாண்டும். அந்த அடி நேராகப் புஷ்பாவின் முதுகெலும்பில் போய் விழும். அந்த இடம் வந்தாலே அவள் மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து பாதி எழுந்துவிடுவாள்.

"எலும்புல ஸ்க்ரூ வெக்கப்போறோம். மூணு மாசத்துக்குக் குலுக்கலே ஆகாது. சேலத்துலயே தங்கிக்குங்க" என்றார் டாக்டர். சேலத்தில் புஷ்பாவின் தம்பி வீடு இருக்கிறது. கீழே ஒரு அறை, மேலே தகர ஷீட். புஷ்பா டாக்டர் முன்னாலேயே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏனுங்க, அந்த வெக்கையில என்னால படுத்துக் கெடக்க முடியாது. நான் என்ற ஊட்டுக்குத்தான் வருவேன். வண்டியச் சரி பண்ணுங்க."

பண்ணுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் டிஸ்சார்ஜ் ஆவதற்குள் கையில் இருந்தது பதினெட்டு நாள்.

ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் மெக்கானிக் ஜீவானந்தம் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. டீயைக் குடித்தபடியே, "ரெண்டு இஞ்ச் தூக்குனாப் போதுமுங்க. பழைய பட்டையே இருக்கட்டும். அது நல்லா வளஞ்சு குடுக்குது" என்றார். சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து வண்டியைத் தாங்குகிற இரும்புப் பட்டையைத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து அளந்தேன். ரெண்டு இஞ்ச் தூக்கினால் பல்லுப்பாறைக்கும் வண்டிக்கும் நடுவே அரை இஞ்ச்தான் மிஞ்சும். அரை இஞ்சை நம்பி எப்படிப் பெண்டாட்டியைக் கூட்டிவருவது? தூக்கம் போய்விட்டது. மறுநாள் அளந்தால் முக்கால் இஞ்ச் வந்தது. அதற்கு மறுநாள் கால் இஞ்ச். காற்றடித்துவிட்டு அளந்தேன், காற்றை இறக்கிவிட்டு அளந்தேன். பாறையைக்கூடப் போய் அளந்தேன். பாறை மட்டும்தான் மாறாமல் இருந்தது.

சேலத்தில் வண்டியை உயர்த்துகிற லிப்ட் கிட் விற்கிற அருண்குமார் நாலு இஞ்ச் என்றான். புதுப் பட்டை, புது ஷாக் அப்சார்பர், எல்லாம் சேர்த்து. "வண்டியில எவ்வளவு லோடு போகும்ணா? அதப் பாத்துத்தான் பட்டை போடணும்" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை எங்கள் மலையில் எவனிடம் கேட்டாலும் ஒரே மாதிரிதான் பதில் வரும். வண்டி வைத்திருப்பவனுக்கு அது சுமக்கிற மூட்டைதான் மரியாதை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பதினஞ்சு மூட்டை அசால்ட்டாப் போகும்" என்றேன். வருஷத்தில் நாலு நாள் ஏற்றுகிறேனே, அது பொய்யா? மிச்ச நாளெல்லாம் நானும் அவளும் மட்டும்தான் போகிறோம் என்பதை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏன் நாங்கள் இருவர் மட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தடத்தில் வண்டி போனால் நடந்துபோகிறவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். அது அங்கே பேசாத சட்டம். பாறைக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்து பெண்கள் தினமும் தார்ரோட்டோரம் இருக்கும் எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போய் வருவார்கள். புஷ்பாவுக்கு முதுகு வலி வந்த பிறகு நான் நிறுத்துவதில்லை. ஆள் ஏறினால் வண்டி தாழும், தாழ்ந்தால் பாறையில் இன்னும் பலமாக இடிக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களில் மூத்தவரான மருதாயி அக்கா கை காட்டுவார். நான் அந்தப் பக்கம் மிளகுக்கொடியைப் பார்ப்பதுபோல ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். ரெண்டு வருஷம். கொஞ்ச நாளில் அவர் கை காட்டுவதை விட்டுவிட்டார். அதன் பிறகு எனக்கு அந்தத் தடத்தில் ஓட்டவே கூச்சமாக இருந்தது.

நாலு இஞ்ச் போட்டாயிற்று. சேலத்திலிருந்து திரும்பும்போது வண்டி சும்மா வருவானேன் என்று பன்னிரண்டு மூட்டை உரம் ஏற்றிக்கொண்டேன். பக்கத்து சீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துப் பல்லுப்பாறை மேல் ஏற்றினேன். டங் இல்லை. சொம்பு தளும்பவில்லை. பாறையைத் தாண்டி இறங்கி நின்று தனியாகச் சிரித்தேன். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த புஷ்பாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சொம்பு தளும்பலையாமா!" என்று புஷ்பா பக்கத்துப் படுக்கைக்காரியிடம் சொல்வது கேட்டது.

மறுநாள் டிஸ்சார்ஜ். காலையில் பதினோரு மூட்டை காப்பியை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். அப்போதும் குறையில்லை. ஏற்காட்டில் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டுச் சேலத்துக்குத் திரும்பியதும்தான் மனசு கெட்டது. வேகத்தடையில் வண்டி என்னைத் தூக்கிப் போட்டது. சக்கரத்தில் காற்று அதிகம் என்று இறக்கினேன். அடுத்த வேகத்தடையிலும் அதேதான். போல்ட் எல்லாம் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. தாரிலேயே இப்படி என்றால் தடத்தில்? வேண்டாம், தம்பி வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று ஆஸ்பத்திரி வாசல்வரை நினைத்துக்கொண்டு போனேன். அங்கே அவள் தலைவாரிப் பூ வைத்து, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வாய் வரவில்லை.

முன் சீட்டைச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தேன். கொண்டை ஊசி வளைவு இருபதையும் மாட்டுவண்டி வேகத்தில் ஏறினேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலேயே என்னைத் திட்டித் தீர்த்தான். தார்ரோட்டைவிட்டு மண்தடத்தில் இறங்கி நூறு அடி போயிருப்பேன். ஒரு சின்னப் பள்ளம். வண்டி உதைத்த உதையில் புஷ்பா "அம்மா!" என்று கத்தினாள்.

நிறுத்திவிட்டேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "உங்க சொம்பையே கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றாள்.

செல்லில் தெரிந்த ஒரு கோடு சிக்னலில் ஜீவானந்தத்தைப் பிடித்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"பாறையில ஓட்டிப் பாத்தப்ப வண்டியில என்னங்க இருந்துச்சு?"

"பன்னெண்டு மூட்டை."

"இப்ப?"

"நாங்க ரெண்டு பேரு."

"பதினஞ்சு மூட்டைக்குன்னு போட்ட பட்டைங்க அது. எடை இல்லாம எப்புடி வளையும்? எடையை ஏத்துங்க, மெத்தையாட்டப் போகும்."

எடைக்கு எங்கே போவது? உரமூட்டை எல்லாம் பாறைக்கு அந்தப் பக்கம் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. சுற்றிலும் சில்வர் ஓக் மரமும் மிளகுக்கொடியும்தான். மணி நாலரை. திரும்பிச் சேலத்துக்கே போகலாம் என்றாலும் அந்த நூறு அடியை மறுபடி தாண்ட வேண்டும். என் முட்டாள்தனத்தை நினைத்து ஸ்டியரிங்கில் குத்தினேன்.

அப்போதுதான் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. எஸ்டேட் வேலை முடிந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒன்பது பேர். முன்னால் மருதாயி அக்கா. வண்டியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வழக்கம்போல ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள்.

கூப்பிட வேண்டும். மூன்று பேர் தாண்டிப் போய்விட்டார்கள். புஷ்பா என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஏறிக்குங்க" என்றேன்.

புவனேஸ்வரி என்கிற சின்னப் பெண் நின்றாள். "எங்களையா? ஏனுங்க, இன்னைக்கு மட்டும் நாங்க கண்ணுக்குத் தெரியறமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்விதான். மழுப்பாமல் சொன்னேன். "இவளுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்க. ஆள் ஏறுனாப் பாறையில இடிக்குமுன்னுதான் இத்தன நாளா நான் நிறுத்தல. இப்ப வண்டிய ஒசத்துனதுல எடை இல்லாமக் குலுக்குது. எடை வேணுங்க."

"அப்ப எங்கள மூட்டையாட்ட ஏறச் சொல்றீங்க" என்றார் மருதாயி அக்கா.

"ஆமாங்க."

அவர் திரும்பி வந்து ஜன்னல் வழியாகப் புஷ்பாவைப் பார்த்தார். "கட்டில் கட்டித் தூக்கிட்டுப் போயிரலாமா கண்ணு?"

"நான் என்ன பொணமாக்கா?" என்றாள் புஷ்பா.

மருதாயி அக்கா சிரித்துவிட்டார். "ஏறுங்கடி. குண்டா இருக்கறவ பின்னால போங்க. எடை வேணுமுன்னு ஒரு ஆம்பள நம்மளக் கூப்புடறது இதான் மொதத் தடவ."

ஒன்பது பேரும் ஏறினார்கள். வண்டி மெல்லத் தாழ்ந்தது. பள்ளத்தில் இறக்கினேன். பட்டை வளைந்து கொடுத்தது. இன்னொரு பள்ளம். புஷ்பா சத்தம் போடவில்லை. காப்பிப் பழ வாசனையும் வியர்வையுமாக வண்டிக்குள் மறுபடி பேச்சு தொடங்கியது. பழத்தை நிறுத்துக் கணக்கெழுதும் ரைட்டர் எடையில் ஏமாற்றியது, யாருடைய மகளோ வயசுக்கு வந்தது, எல்லாம். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. லைன் வீடுகள் வரப்போகின்றன. அங்கே இவர்கள் இறங்கிவிடுவார்கள். அதன் பிறகுதான் பாறை. ஒன்பது பேரும் விடிந்ததிலிருந்து நின்றபடி பழம் பறித்தவர்கள். பாறைவரை வாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

லைன் வீடு வந்தது. நிறுத்தினேன். யாரும் அசையவில்லை.

"எதுக்கு நிறுத்தறீங்க? ஓட்டுங்க" என்றார் மருதாயி அக்கா.

கண்ணாடியில் பின்னால் பார்க்கத் துணிவில்லாமல் ஓட்டினேன். பல்லுப்பாறையில் முன்சக்கரம் ஏறியது. பேச்சு நின்றது. முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. கீழே எந்தச் சத்தமும் இல்லை.

புஷ்பா கண்ணை இறுக மூடி, கம்பியைப் பிடித்திருந்தாள். பாறையைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் ஓட்டி வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, பாறை இன்னும் வரலையா?"

வண்டியே சிரிப்பில் குலுங்கியது. அந்தக் குலுக்கலை அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவளைப் பிடித்து இறக்கிப் படுக்கவைத்துவிட்டுத்தான் அவர்கள் கிளம்பினார்கள். டீ வைக்கிறேன் என்றேன், வீட்டில் அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்றார்கள். வந்த தடத்திலேயே ஒரு கிலோமீட்டர் திரும்பி நடக்க வேண்டும். கொண்டுவந்து விடுகிறேன் என்று சாவியை எடுத்தேன். "நீங்க அவகூட இருங்க" என்று தடுத்துவிட்டார் மருதாயி அக்கா. நான் வாசல்வரை பின்னாலேயே போனேன். மன்னிச்சிக்குங்க என்று சொல்ல நினைத்தேன். வேறு ஏதோதான் வந்தது.

"காலையில ஏழு மணிக்கு லைன் வீட்டுக்கிட்ட வர்றனுங்க்கா. நில்லுங்க."

மருதாயி அக்கா திரும்பிப் பார்த்தார்.

"நிக்கறதுக்கென்னங்க? ரெண்டு வருசமா நின்னுக்கிட்டுத்தான இருந்தோம்."