மூன்றாம் எண் கட்டில்

சேவைச் சங்கத்தில் அவளை எல்லோரும் ஸ்பேனர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். சங்கத் தலைவரான பல் டாக்டர் அவளைவிட ஆறு வயது பெரியவர். அவருக்கும் அவள் அக்காதான். கைப்பையில் மணிபர்ஸ் இருக்கிறதோ இல்லையோ, இரண்டு ஸ்பேனரும் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியும் கட்டாயம் இருக்கும். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் கைகூடவில்லை. தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கினாள். அவன் விமானம் ஏறிப்போய்ப் பனி கொட்டும் ஊர் ஒன்றில் குடும்பஸ்தன் ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"சாப்பிட்டியாக்கா?"

"சாப்பிட்டேன்டா. நீ?"

அதற்குமேல் பேச்சு நகராது. நல்ல பையன்தான். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. ஆனால் போனை வைத்த பிறகு வீட்டில் இருக்கும் அமைதி, போன் வருவதற்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

சங்கம் பல காரியங்கள் செய்தது. கண் பரிசோதனை முகாம், ரத்ததானம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை, மழைக்காலத்தில் மரக்கன்று. எல்லாவற்றுக்கும் பேனர் உண்டு, போட்டோ உண்டு. போட்டோவில் அக்கா இருக்கமாட்டாள். மற்றவர்களின் கைப்பைகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பவள் யாராவது வேண்டுமல்லவா? அதில் அவளுக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. டாக்டர், வக்கீல், நகைக்கடை முதலாளியம்மா என்று எல்லோரும் பெரிய இடம். தான் நடுவில் போய் நின்றால் தனக்கே கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் பொறுப்பில் இருந்தது ஒன்றே ஒன்று. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு கார் ஷெட். அதில் பதினோரு சக்கர நாற்காலி, ஏழு வாக்கர், தலைப்பக்கத்தைக் கைப்பிடி சுற்றித் தூக்கும் இரும்புக் கட்டில் நான்கு. நோயாளி இருக்கும் வீட்டுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். தேவை முடிந்ததும் திரும்ப வாங்குவார்கள். தேவை முடிந்தது என்றால் இரண்டில் ஒன்று. ஆள் எழுந்து நடந்திருப்பார், இல்லையென்றால் போயிருப்பார். சக்கர நாற்காலிகள் பெரும்பாலும் முதல் வகை. கட்டில்கள் பெரும்பாலும் இரண்டாவது.

மூன்றாம் எண் கட்டில் ஒரு பஸ் டிரைவர் வீட்டில் பதினான்கு மாதமாக இருந்தது. ஓய்வு பெற்றவர், மனைவிக்குப் பக்கவாதம், பிள்ளைகள் இல்லை. மற்ற மூன்று கட்டில்களில் இரண்டு வெளியே போயிருந்தன. ஒன்று கைப்பிடி துருவேறிச் சிக்கி ஷெட்டிலேயே கிடந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் மனைவி காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் செய்தாள். "அக்கா, தரையிலதான் படுத்திருக்காரு. திருப்பிப் போடவே முடியலக்கா."

சங்கச் செயலாளர் ஒரு வக்கீலம்மா. எதையும் தள்ளிப்போடுவது அவருக்குப் பிடிக்காது.

"அக்கா, அந்த டிரைவர் போனே எடுக்க மாட்டேங்கிறாரு. எடுத்தாலும் 'அவ தூங்குறா'ன்னு வச்சிடறாரு. பதினாலு மாசம்! ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க."

அக்கா போனாள். பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டாவது சந்தில் ஓட்டு வீடு. கதவைத் திறந்தவர் ஆஜானுபாகுவான ஆள். தோள்கள் மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தன, இன்னும் ஸ்டியரிங் பிடித்திருப்பவர் போல. கதவை முழுதாகத் திறக்காமல் அதை அடைத்துக்கொண்டு நின்றார்.

"அவ தூங்குறா. அப்புறம் வாங்க."

"எழுப்ப வேணாங்க. கட்டிலுக்கு எண்ணெய் போடணுமான்னு பார்க்க வந்தேன்."

"நல்லாத்தான் இருக்கு."

முப்பத்தோரு வருஷம் வார்டில் இருந்தவளுக்குக் கண் தேவையில்லை, மூக்கு போதும். நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு. டெட்டாலும் பவுடரும் மூத்திரமும் ஆறிப்போன கஞ்சியும் கலந்தது. எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் அது போகாது. இந்த வீட்டில் அது இல்லை. கொடியில் ஆண் துணி மட்டும் காய்ந்தது. வாசல் திண்ணையில் ஒரே ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது.

"எப்பங்க?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அவர் வெகுநேரம் தெருவைப் பார்த்தார். பிறகு கதவிலிருந்து கையை எடுத்தார்.

"ஒம்பது வாரம் ஆச்சும்மா."

உள்ளே கட்டில் அப்படியே இருந்தது. தலைப்பக்கம் பாதி உயர்ந்து, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல். பக்கத்தில் தரையில் ஒரு பாய்.

"அவ படுத்தப்ப நான் இங்கதான் கீழே படுப்பேன். ராத்திரி எதாவது வேணும்னா கட்டில் கம்பியத் தட்டுவா. நான் கைய மேல நீட்டி அந்தக் கம்பியப் பிடிச்சுக்குவேன். அதுல பழகிப் போச்சு." மேலே சொல்லக் கூச்சப்பட்டவர் போலச் சிரித்தார். "இதை எடுத்துட்டா, அந்த ரூம்ல என்னம்மா இருக்கு? நாலு செவுரு."

அக்கா பெயிண்டரைப் பற்றிச் சொல்லத்தான் வந்தாள். சொல்லாமலே திரும்பினாள். ஷெட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, மூன்றாம் எண்ணுக்கு எதிரே, "நோயாளி அப்படியே. கட்டில் தேவை" என்று எழுதினாள். முப்பத்தோரு வருஷத்தில் எந்தச் சார்ட்டிலும் ஒரு எழுத்துக்கூடப் பொய்யாக எழுதாத கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்துதான் எழுதினாள்.

பெயிண்டருக்கு என்ன வழி? துருப்பிடித்த கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்குள் உள்ளங்கை கொப்பளித்தது. கைப்பிடியின் திருகாணித் தண்டு தேய்ந்திருந்தது. லேத் பட்டறைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போய்க் கெஞ்சினாள். நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலை கட்டில் பெயிண்டர் வீட்டுக்குப் போனபோது, தரையில் கிடந்த முதுகில் ஒரு ரூபாய் அளவுக்குப் புண் கண்டிருந்தது. அக்கா அதைக் கழுவி மருந்து வைத்தாள். "வந்ததே பெரிசுக்கா" என்றாள் அவன் மனைவி. அந்த நன்றியைக் காதில் வாங்காதவள் போல அக்கா பஞ்சை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சங்கத்துக்கு அந்த மாதம் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. கமிட்டிக் கூட்டத்தில் யாருக்கோ யோசனை உதித்தது: நம் உதவியை ரொம்ப நாளாகப் பெற்றுவரும் ஒரு நோயாளியின் வீட்டுக்கே நேரில் போய், பழக்கூடை கொடுத்து, ஒரு போட்டோ. வக்கீலம்மா நோட்டைப் புரட்டினார். மூன்றாம் எண் கட்டில்.

அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்று அல்ல, கமிட்டி முடிவுகளை அவளிடம் சொல்லும் வழக்கமே கிடையாது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் பெயிண்டரின் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வக்கீலம்மா.

"அக்கா, அந்த டிரைவர் பொண்டாட்டி எங்கே?"

அக்கா மிச்சக் கட்டைப் பெயிண்டரின் மனைவியிடம் விட்டுவிட்டு எழுந்தாள்.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்கக் கூட்டம். சங்கத்தார் பன்னிரண்டு பேர், சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஆளுயரப் பழக்கூடை ஒரு ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தது. அக்கம்பக்கத்தார் ஜன்னலில். போட்டோக்காரர் மட்டும் கேமராவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கதவு தாழிடாமல் இருந்திருக்கிறது. நோயாளி வீடுதானே என்று சத்தம் போடாமல் உள்ளே போயிருக்கிறார்கள். பன்னிரண்டு பேரும் பார்த்தது, காலிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் தூங்கும் ஒரு கிழவரை.

உள்ளே அவர் வெறும் கையால் ஒரு போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. விரலில் ரத்தம்.

"எடுத்துக்குங்க! எடுத்துட்டுப் போங்க! உங்க கட்டில நான் திங்கப் போறதில்ல!" என்று கத்தினார். அக்காவைப் பார்த்ததும் கத்தல் நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்கா பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினாள். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்க அன்னைக்கே எடுத்துட்டுப் போயிருக்கலாம்மா," என்றார் கடைசியில். "உங்க ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்."

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அது உண்மை. இரக்கப்பட்டுச் செய்ததுதான் அவரை ஊர் முன்னால் நிறுத்தியது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் வக்கீலம்மா அவளை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அவளாகவே எழுந்தாள்.

"பொய்தான் எழுதினேன். ஒருத்தர் முதுகு புண்ணாச்சு, ஒருத்தர் மானம் போச்சு. ரெண்டும் என்னாலதான்."

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் பல் டாக்டர். அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

சங்கத்துக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அந்த அறையில் அவள் பேசியதே இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டில் கொடுக்கப் போறப்போ நாம ஆறு பேர் போறோம் டாக்டர். திரும்ப எடுக்கப் போறப்போ நான் ஒருத்திதான் போறேன். அவங்க என் மூஞ்சியப் பார்ப்பாங்க. ஆள் போன மறுநாளே வந்துட்டா பாருன்னு நினைப்பாங்க. நான் கழட்டுவேன், வண்டியில ஏத்துவேன், வருவேன். நூத்தி இருபது தடவை பண்ணியாச்சு. அன்னைக்கு முடியல. அவ்வளவுதான்."

அவள் ஷெட் சாவியை மேஜைமேல் வைத்தாள். பன்னிரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். ஒரு கையும் நீளவில்லை. வக்கீலம்மா, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு, ரத்ததான முகாமுக்குப் பந்தல் எங்கே போடுவது என்ற அடுத்த விஷயத்துக்குப் போனார். டீயும் பிஸ்கட்டும் வந்தன. அக்கா டம்ளர்களை எடுத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் திறந்து, அவள் கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"இன்னும் எதாவது பாக்கியா? கட்டிலோட வந்த பெட்பேனையும் அன்னைக்கே கொடுத்தாச்சே."

"பாக்கி ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

பஸ்ஸில் வரும்போது நான்கைந்து பதில் தயார் செய்திருந்தாள். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "சும்மாதான்," என்றாள்.

அவர் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனார். கூப்பிட்டாரா, விரட்டினாரா என்று தெரியாமல் அக்கா வாசலிலேயே நின்றாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வர்றதா இருந்தா செருப்பக் கழட்டிட்டு வாங்க. இப்பதான் தரையத் தொடச்சேன்."

கட்டில் இருந்த அறையில் அவர் எதையும் வைக்கவில்லை. தரையில் நான்கு கால் தடம் மட்டும் வட்ட வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு அவர் மனைவியைப் பற்றி ஆரம்பித்தார். அவள் எப்படி அவரது பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்து ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்து, அவர் பிரேக் போடுவதற்கெல்லாம் வீட்டுக்கு வந்து குற்றம் சொல்வாள் என்பதை. சொல்லும்போதே சிரிப்பு வந்து, சிரிப்பிலேயே குரல் உடைந்தது. அக்கா தேற்றவில்லை. தேற்றினால் நிறுத்திவிடுவார்கள் என்பது வார்டில் கற்றது.

"உங்க வீட்ல யார் யாரு?" என்று கேட்டார் அவர், திடீரென்று.

சங்கத்தில் ஒன்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. "தம்பி ஒருத்தன் இருக்கான்," என்றாள். "தூரத்துல."

அவர் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிளம்புங்க. அஞ்சேகால் வண்டிய விட்டா அப்புறம் ஆறரைக்குத்தான். அதுவும் கூட்டமா வரும், நிக்க இடம் இருக்காது."

நிறுத்தம் வரை கூடவே வந்தார். பஸ் வந்து நின்றதும் முன்னால் போய், ஓட்டுபவனை ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்தார், டயரைப் பார்த்தார். அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தபோது அவர் கையசைக்கவில்லை. "கியர மெதுவா மாத்துறான், பரவாயில்ல. நல்ல டிரைவர்தான்," என்று மட்டும் சத்தமாகச் சொன்னார், அவளுக்குக் கேட்கும்படி.