திறக்காத போல்டர்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வன்னியபெருமாளின் லாட்ஜ் இருக்கிறது. அதன் ஆபீஸ் அறையில் தங்கபாண்டியைத் தரையோடு அழுத்தி லாட்ஜ் ஆட்கள் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து சமையல் வேலைக்கு வந்தவன் அவன். முதலாளியின் மகன் பிரதீஷ் இரும்புக் குழாயை ஓங்கி அவன் முழங்காலில் இறக்கினான். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், மக்களே. பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேளுங்கள்.

அன்று காலை மானேஜர் ஐயப்பனின் மண்டையை யாரோ மாடிப்படியில் வைத்துப் பிளந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். "சமையல்காரன்தான். என் கண்ணால கண்டேன்" என்றான் பிரதீஷ்.

மாடிப்படியில் கேமரா உண்டு. அதன் பதிவெல்லாம் அலமாரி மேலிருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில் ஒரு போல்டரில் சேரும். அந்தப் போல்டரை ஆபீஸின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பார்கள். இன்றைக்குத் திறக்கவில்லை. அதற்காகத்தான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஜிஷாவை முதலாளி வரச்சொன்னார்.

"எத்தற நேரம் நோக்குவே? உள்ள ஒண்ணும் இல்ல. இவன்தான் அழிச்சிருக்கான்" என்று ஜிஷாவிடம் கத்தினான் பிரதீஷ். குழாய் மறுபடி இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"அடிக்கிறத நிறுத்துங்கண்ணே. எனக்கு வேலையில கை ஓடல" என்றாள் ஜிஷா.

"உன் கைக்கும் ஒண்ணு வேணுமா?"

ஜிஷா முதலாளியின் மேக் லேப்டாப்பை இழுத்துத் தட்டினாள். "அண்ணாச்சி, இங்க பாருங்க. மேக்ல போல்டர் திறக்குது. காலையில உள்ள பதிவும் கிடக்கு. ஆனா இந்தக் கேமராப் படத்த ஓட்டுற சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் இருக்கு."

"பின்னே விண்டோஸ்ல ஏன் வரல்ல, மோளே?" என்றார் வன்னியபெருமாள்.

"நேத்து அப்டேட் ஆச்சுல்லா? வேற பெட்டியில உள்ள போல்டருக்குப் பாஸ்வேர்ட் இல்லன்னா அது இனி திறக்காது. நான் அன்னைக்கே சொன்னேன். ரூம் ரூமா சாவி தேடி மடுத்து அலுத்தாச்சு, இதுக்குமா ஒரு சாவின்னு நீங்கதான சிரிச்சீங்க."

பிரதீஷின் முகம் வெளுத்தது. ஐயப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்தப் போல்டரைத் தட்டிப் பார்த்து, வரவில்லை என்று கண்ட பிறகே தங்கபாண்டியின் பெயரைச் சொன்னவன் அவன். திறக்கவில்லை என்றால் இல்லை என்று நினைத்துவிட்டான், பாவி.

ஜிஷா லினக்ஸ் பெட்டியில் புதிதாக ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்கினாள். அவற்றை விண்டோஸில் கொடுத்ததும் போல்டர் திறந்தது. படம் ஓடியது. பிரதீஷின் கூட்டாளிகளுக்கு அறைச் சாவி தரமாட்டேன் என்று ஐயப்பன் தலையாட்டுகிறார். அவர் திரும்பும்போது பின்னந்தலையில் குழாய் விழுகிறது. விழுந்தவரை இரண்டாவது முறையும் அடிக்கிறான் பிரதீஷ்.

பிரதீஷ் பாய்ந்து மௌஸைப் பிடுங்கி, பதிவை அழிக்கப் பார்த்தான். அனுமதி இல்லை என்றது திரை.

"பார்க்க மட்டும்தான் அனுமதி குடுத்திருக்கேன்" என்றாள் ஜிஷா.

புறங்கையால் அவள் வாயில் அறைந்தான். உதடு கிழிந்து அவள் சுவரில் மோதினாள். அவன் அலமாரி மேலிருந்த பெட்டியைத் தரைக்கு இழுத்துப்போட்டுக் குழாயை ஓங்கினான். பிடித்திருந்தவர்களின் கை தளர்ந்திருந்தது. தங்கபாண்டி முறிந்த காலை இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியின்மேல் கவிழ்ந்தான். முதுகில் ஒன்று, தோளில் ஒன்று, விலாவில் ஒன்று. அவன் விலகவில்லை.

"லே, விடுலே!" வன்னியபெருமாள் குறுக்கே கையை நீட்டினார். மகனின் அடுத்த அடியில் அவர் மணிக்கட்டு தொங்கிப்போயிற்று.

தங்கபாண்டியை அழுத்திப் பிடித்திருந்த அதே இரண்டு பேர் இப்போது பிரதீஷைத் தரையில் அழுத்தினார்கள்.

"போலீசை நீ விளி, மோளே. எனக்குக் கை வரல்ல" என்றார் முதலாளி. மகன் பக்கம் அவர் பார்க்கவில்லை.

ஜிஷா போன் பேசிவிட்டுத் தங்கபாண்டியின் அருகே உட்கார்ந்தாள். "போதும், விடு தம்பி."

"ஓடுதாக்கா இது?"

பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். "ஓடுது."

"அப்ப போலீசு வரட்டும்" என்றான். பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.