குருவி வந்த மரம்

“நான் செஞ்ச மரத்துல உட்கார குருவி வந்துச்சும்மா. ஒண்ணு இல்ல, குடும்பத்தோட. கிளை பத்தலைன்னு சண்டை வேற.”

காலையில் ஊசி போட வந்த நர்சிடம் அப்பா அடித்த கடைசிப் பெருமை இது. மதியத்துக்குள் ஆள் இல்லை. அம்மா இதைச் சொல்லும்போது மகன் கட்டிலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து சட்டம் போட்ட படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“அந்தப் பொண்ணு இந்தப் படத்தைக் காட்டி, ‘இந்த மரமா தாத்தா?’ன்னுச்சு. ‘இது இல்லம்மா, அது என் பையன் ஸ்டூடியோல பத்திரமா இருக்கு’ன்னார்.”

மகன் படத்தை இறக்கிக் கீழே வைத்தான்.

அப்பா காலமெல்லாம் ஒரு பெரிய ஆபீசில் கண்ணாடி லிஃப்ட் ஓட்டியவர். நிலாவுக்கும் பூமிக்கும் எத்தனை தடவை போய்வந்த தூரம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். கேட்கும் ஆளைப் பொறுத்து அது ஏறும். ஓய்வுபெற்றபின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். மரங்களைப் படம் எடுத்து, ஓடுவதுபோல் கலங்கலாக்கும் மோஷன் ப்ளரை நேர் மேலாகத் திருப்பி இழுத்துவிடுவார். இலையும் வெயிலும் ஈரத் தூரிகையால் தடவியதுபோல் மேலே ஓடும். அதில் ஒன்றை ஜன்னல் கதவில் ஒட்டியபோதுதான் குருவி வந்ததாம். அடுத்த மழையில் அது கரைந்து போயிற்று.

“கண்ணு மங்கின குருவியா இருக்கும்ப்பா” என்றான் மகன். வீடே சிரித்தது. அப்பாதான் அதிகமாகச் சிரித்தார்.

படுக்கையில் விழுந்தபின் பென்டிரைவை நீட்டினார். “இதுல குருவி வந்த மரம், கலங்கினது ஒண்ணு இருக்கு பாரு. அதைப் பெருசாப் போட்டுக் கொண்டா.”

ஸ்டூடியோவில் திறந்து பார்த்தவனுக்குக் கூச்சமாகிவிட்டது. கல்யாணப் படங்களில் இமைமுடியைக்கூட எண்ணும்படி தெளிவாக்கித் தருபவன் அவன். அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கலங்கியதை அழித்துவிட்டு, ப்ளர் போடாத அசலை அச்சடித்துக் கொண்டுவந்து மாட்டினான்.

அப்பா நெடுநேரம் பார்த்தார். “மரம் ரொம்ப ஒழுக்கமா நிக்குதுடா” என்றார். அதன்பின் குருவிப் பேச்சே எடுக்கவில்லை. இன்று காலைவரை.

“வண்டி வர நேரமாகும். தலைமாட்டுல வைக்க ஒரு படம் போட்டுட்டு வந்துடறேன்” என்று கிளம்பினான்.

அழித்தது அழித்ததுதான். பென்டிரைவில் அசல் மட்டும் இருந்தது. ப்ளரைத் தானே போட்டான். கொஞ்சம் இழுத்தால் கேமரா ஆடியதுபோல் இருந்தது. கூட இழுத்தால் துவைத்துப்போட்ட திரைச்சீலை. சின்ன வயதில் அப்பாவின் லிஃப்ட் மேலே ஏற, அதன் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றது ஞாபகம் வந்தது. வெளியே மரங்கள் சரசரவென்று இறங்கும். மரத்தைப் பிடி, பிடி என்பார் அப்பா. அடிமரத்தில் மட்டும் ப்ளரைத் துடைத்துத் தெளிவாக விட்டு, மேலே மறுபடி இழுத்தான். இலைகள் கிளம்பின. எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தானோ, அம்மா போன் செய்துவிட்டாள்.

கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில், பழைய சட்டத்திலேயே அதை வைத்தான். மாமா குனிந்து பார்த்தார்.

“ஆள் படம் எங்கடா? இது என்ன, கலைஞ்சு போயிருக்கு? அவசரத்துல கெடுத்துட்டியா?”

“போன தடவைதான் மாமா கெடுத்தேன்.”

மாமாவுக்குப் புரியவில்லை. நாற்காலிகளை ஓரம் தள்ளப் போய்விட்டார். வண்டி வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தார்கள். மகன் மட்டும் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தான்.

திறந்த ஜன்னல் வழியாக ஒரு குருவி உள்ளே வந்தது. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி நேராகப் படத்துக்குப் போனது. கண்ணாடியில் கால் வழுக்கியது. படபடவென்று அடித்துக்கொண்டு இன்னொரு கிளையை முயன்றது. அங்கேயும் வழுக்கி, சட்டத்தின் மேல்விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போய்விட்டது.

“என்னடா சத்தம்?” அம்மா நிலைப்படியில் நின்றாள்.

அவன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிறு இறகைத் தொடவில்லை.

“வந்துச்சும்மா.”

“எது?”

“ஒண்ணுதான் வந்துச்சு” என்றான். “குடும்பத்தோட வரலை.”