மைதானத்துக்கு எதிரே இருந்த ஹோட்டல்

கேப்டனின் தங்கையைக் கட்டியவன் என்பதால் அணி முழுக்க அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். வயதில் சின்னவர்களுக்கும் அவன் மாப்பிள்ளைதான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கூடைப்பந்து ஆடுகிற அணி அது. கேப்டன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின், இருக்கிற பலத்தையெல்லாம் தோளிலும் கையிலும் ஏற்றி வைத்திருந்தவர். மாப்பிள்ளைக்கு பெயிண்ட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் வேலை. போட்டி என்றால் லீவு போட்டுவிட்டு வேன் ஓட்டுவான், சேர்களை ஏற்றி இறக்குவான். யாரும் கேட்டு அவன் செய்ததில்லை. அந்த விஷயத்தில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது.

அந்த வருடம் போட்டியும் மாற்றுத்திறனாளி விளையாட்டுச் சங்கத்தின் மாநாடும் ஒரே வாரத்தில், நகரத்தின் நட்ட நடுவில் இருந்த மைதானத்தில் நடப்பதாக இருந்தது. வழக்கமாக அவர்கள் தங்குவது ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய ஹோட்டலில். சுவரெல்லாம் ஈரம், லிஃப்ட் ஏறும்போது முனகும். ஆனால் கதவுகள் அகலம். அங்கிருந்து மைதானத்துக்குப் போவதற்குள் நெரிசலில் பாதி உயிர் போய்விடும்.

"இந்தத் தடவை பக்கத்துலயே பார்ப்போம் மச்சான். எதிர்லயே ஒரு ஹோட்டல் இருக்கு. ரோட்டைத் தாண்டினா மைதானம்" என்றான் மாப்பிள்ளை.

"நீயே பார்த்துக்கோ மாப்ள. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுடு. பாத்ரூம் கதவுல சேர் நுழையுமான்னு."

"அதெல்லாம் நான் கேக்காம இருப்பேனா?"

அந்த ஹோட்டலை அவனுக்கு ஏற்கனவே தெரியும். கம்பெனி மாநாடு நடக்கும்போதெல்லாம் மேலதிகாரிகள் அங்கேதான் தங்குவார்கள். பெயிண்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு அவன் வரவேற்புக் கூடம் வரைக்கும் போயிருக்கிறான். அவர்கள் கண்ணாடி லிஃப்ட்டில் ஏறிப் போவதை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். மைதானத்துக்குப் பக்கம் என்பது உண்மைதான். அந்த லிஃப்ட்டில் ஒரு தடவையாவது போக வேண்டும் என்பதும் உண்மைதான்.

ஃபோனில் பேசிய பெண்ணின் குரல் இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அவனும் அதற்கு ஏற்ற மாதிரி குரலை உயர்த்திக்கொண்டான். "எங்க ஆளுங்களுக்கு ரூம் வேணும்" என்று ஏதோ நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவன் தோரணையில் பேசினான்.

"தனியா ஏதாவது வசதி தேவைப்படுமா சார்?"

வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இடமில்லை என்றுவிடுவார்களோ என்று ஒரு பயம். அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. சக்கர நாற்காலி என்றதும் அந்தக் குரலில் ஓர் இரக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு நேரம் 'சார்' போட்டவள் 'ஐயோ' என்பாள். அது அவனுக்குத் தாங்காது.

"ஒண்ணும் வேண்டாம்மா. சாதாரணமா எல்லாருக்கும் கொடுக்கற ரூமே போதும்" என்றான்.

கேப்டனிடம், "கேட்டுட்டேன் மச்சான், எல்லாம் பக்கா" என்று சொல்லிவிட்டான்.

போய் இறங்கியபோது எல்லாருக்கும் வாய் பிளந்துவிட்டது. ஓயாமல் பேசுவதால் 'சைலன்ஸர்' என்று பெயர் வாங்கிய ஆட்டக்காரன் கண்ணாடி லிஃப்ட்டில், "மாப்ள, நீ எங்கேயோ போயிட்ட!" என்று அவன் முதுகில் தட்டினான். அந்த மகிழ்ச்சி அறைக் கதவைத் திறக்கும் வரைதான் இருந்தது. பாத்ரூம் வாசலில் சேரின் இரண்டு சக்கரங்களும் நிலையில் இடித்துக்கொண்டு நின்றன. கேப்டன் பின்வாங்கி, கோணம் மாற்றி, மறுபடி முட்டிப் பார்த்தார். நுழையவில்லை. மற்ற அறைகளிலும் அதே கதைதான்.

எல்லாரும் கீழே வந்தார்கள். மாப்பிள்ளை முந்திக்கொண்டு சத்தம் போட்டான். "என்னங்க இது? விளையாட்டு வீரர்கள் வர்ற இடத்துல ஒரு கதவு ஒழுங்கா வைக்கத் தெரியாதா?"

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பதறிப்போனாள். அதே குரல்.

"சார், அகலக் கதவு, கைப்பிடி எல்லாத்தோடயும் ஒரு மாடி முழுக்கவே வச்சிருக்கோம். நீங்க ஃபோன் பண்ணப்போ கேட்டேனே, தனியா ஏதாவது வேணுமான்னு. சாதாரண ரூமே போதும்னீங்க. இன்னொரு டீம் கேட்டாங்க, அவங்களுக்குக் கொடுத்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கே எடுத்து வச்சிருப்பேனே சார்."

மாப்பிள்ளைக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எல்லாரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தான். ஒருவரும் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

பழைய ஹோட்டலில் மறுநாள்தான் இடம் கிடைக்கும் என்றார்கள். கேப்டனும் மாப்பிள்ளையும் ஒரே அறை. சாயங்காலம் பாத்ரூம் வாசலில் சேரை நிறுத்திவிட்டு, கேப்டன் அவனைப் பார்க்காமலேயே சொன்னார்:

"தூக்கு."

ரிப்பேர் கடையில் ஸ்க்ரூ கீழே விழுந்தால்கூட அடுத்தவரை எடுக்க விடாதவர் அவர். கட்டிலிலிருந்து சேருக்கும் சேரிலிருந்து வேனுக்கும் தன் கையாலேயே தாவுகிறவர். இப்போது மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். திரும்பும்போது அவருடைய முழங்கால் கதவு நிலையில் இடித்தது. அவருக்கு வலிக்காது. அவனுக்குச் சுருக்கென்றது.

"உட்கார வச்சுட்டு வெளிய இரு. கூப்பிடறேன்."

அவன் வராந்தாவில் நின்றான். அடுத்த அறைக் கதவு திறந்திருந்தது. சைலன்ஸர் கையை ஊன்றித் தரையில் நகர்ந்துகொண்டே, "வழி விடுங்கப்பா, எக்ஸ்பிரஸ் வருது!" என்று கத்தினான். உள்ளே ஒரே சிரிப்பு. மாப்பிள்ளை சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். மத்தியானம் மாநாடு. வெளியூர்ப் பயணங்களில் வரும் சிரமங்களைப் பற்றிப் பேச ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவரை மேடைக்கு அழைத்தார்கள். மாப்பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். கேப்டன் மைக்கைப் பிடித்து, கதவில் சேர் சிக்கியதை வேடிக்கையாகவே சொன்னார். அரங்கம் சிரித்தது. வேறொரு அணியின் தலைவி சேரிலிருந்தபடியே கையை உயர்த்தினார்.

"நாங்களும் அங்கதான் தங்கியிருக்கோம். எங்களுக்கு நல்ல ரூம் கொடுத்தாங்களே. நீங்க முன்னாடியே சொல்லலையா?"

"மறந்துட்டோம்" என்றார் கேப்டன். "எங்க தப்புதான்."

அந்த 'எங்க' மாப்பிள்ளையை உட்காரவிடவில்லை. எழுந்துவிட்டான்.

"மறக்கல. கேட்டாங்க. நான்தான் சொல்லல."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஏன்?" என்றார் அந்தத் தலைவி.

"சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சுற்றிலும் சேர்களில் உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் அவன் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான். யாரோ இருமினார்கள். மேடையில் இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த அணியைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் கேப்டன் சேரைத் திருப்பி அவன் வழியை மறித்தார். "அதை ஏன் அங்க சொன்னே?"

"நீங்க பழியை எடுத்துக்கிட்டீங்க மச்சான். பொறுக்க முடியல."

"நான் உனக்காக எடுத்துக்கல. எங்க வீட்டு மாப்பிள்ளையே எங்களை வெளிய சொல்லக் கூசறான்னு ஊர் முன்னாடி தெரிய வேண்டாம்னு பார்த்தேன். நீ கொட்டிட்டே. உனக்கு மனசு லேசாயிருக்கும். எங்க பசங்க அத்தனை பேர் முன்னாடியும் அதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க."

அவனுக்கு அது தோன்றவே இல்லை. ஒப்புக்கொண்டால் பாரம் இறங்கும் என்றுதான் நினைத்திருந்தான். இறக்கியது யார் தலையில் என்று இப்போதுதான் தெரிந்தது.

அரையிறுதியில் தோற்றுத் திரும்பினார்கள். வேனில் வழக்கம்போல் பேச்சும் கேலியும் இருந்தன. அவனைத் தொட்டு மட்டும் யாரும் கேலி பேசவில்லை.

வீட்டில் மனைவியிடம் அவனே சொன்னான். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எங்க அண்ணனைப் பார்த்தா உங்களுக்கு வெக்கமா?"

"சேச்சே, அப்படி இல்லம்மா."

"அப்புறம் எப்படி?"

அவன் மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனான். அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

அதற்குப்பின் பல வாரங்கள் அவன் பயிற்சிக்குப் போகவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தான். யாரும் கூப்பிடவில்லை. அவன் போகாதபோது வேனை யார் ஓட்டினார்கள் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகவே கிளம்பிப் போய், கேப்டன் கடை வாசலில் நின்றான். வேன் தயாராக இருந்தது. டிரைவர் இருக்கையில் சைலன்ஸரின் தம்பி.

கேப்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டிக்கு ஆள் இருக்கு" என்றார்.

"சரி மச்சான்."

"பின்னாடி இடம் இருக்கு. வர்றதுன்னா ஏறு."

அவன் பின்பக்கம் ஏறி, மடக்கி அடுக்கியிருந்த சேர்களுக்கு நடுவே காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். முன்னாலிருந்து ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேன் கிளம்பியது.