ஜெயராணியின் தூக்க மனு

ஜெயராணி நர்ஸ். நைட் டூட்டி முடிந்து காலை எட்டரைக்குத் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்தால், மத்தியானம் ரெண்டு மணி வரை தூங்க வேண்டும். உலகத்திடம் அவள் கேட்டது அவ்வளவுதான். 2009 ஆடி மாதம் அதைக்கூடத் தர மறுத்தது.

தெருவின் ஒரு முனையில் அம்மன் கோயில். மறுமுனையில் மாதா கோயில். ஆடி பிறந்ததும் அம்மன் கோயில் கமிட்டித் தலைவர் பழனிவேல், கரண்ட் கம்பத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டினார். ஆகஸ்டில் கொடியேற்றம் வந்ததும் மாதா கோயிலில் ஆறு கட்டினார்கள். கட்டியது திருவிழாக் கமிட்டிச் செயலாளர் ஆரோக்கியராஜ். ஜெயராணியின் வீட்டுக்காரர்.

ரெண்டு பக்கத்துப் பாட்டும் நடுத்தெருவில், சரியாக அவள் கட்டிலுக்கு மேல் வந்து மோதிக்கொண்டன. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். தலையணையைத் தலைமேல் போட்டு அழுத்தியும் பார்த்தாள். நாலாம் நாள் வார்டில், ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை இன்னொருவர் கட்டிலுக்கு எடுத்துப்போய்விட்டாள். கட்டிலில் தொங்கிய சீட்டைப் படித்ததால் தப்பு நடக்கவில்லை. விடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுத்தாள்.

ஆரோக்கியராஜ் குதித்தார். "அவுங்க கோயிலை எழுதினே, சரி. நம்ம கோயிலையும் எதுக்கு எழுதினே?"

"நம்மளுதுதாங்க சத்தம் ஜாஸ்தி."

அதைக் கேட்டபோது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்ததோ என்று அவளுக்குச் சந்தேகம்.

இன்ஸ்பெக்டர் இரு தரப்பையும் கூப்பிட்டார். தேர் போகும் வழித் தகராறில் பழனிவேலும் ஆரோக்கியராஜும் பேச்சை விட்டு ரெண்டு வருஷம். ஒரே பெஞ்சில் உட்கார வைத்ததும் அரைமணி நேரத்தில் சமாதானம் ஆகிவிட்டார்கள். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடுறதாலதான் மச்சான் பிரச்சினை" என்றார் பழனிவேல். காலை ஐந்திலிருந்து பத்து அம்மன், பத்திலிருந்து ரெண்டு மாதா, ரெண்டிலிருந்து ஆறு மறுபடி அம்மன், பிறகு ராத்திரி பத்து வரை மாதா. எழுதிக் கையெழுத்துப் போட்டு, சேர்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். மத நல்லிணக்கம் என்று இன்ஸ்பெக்டர் பூரித்துப்போனார்.

முன்பாவது மோதிக்கொண்டதில் பாட்டு புரியாது. இப்போது ஒவ்வொரு வரியும் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலை டூட்டி முடிந்ததும் ஜெயராணி, கையில் தலையணையோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். யூனிஃபாரத்தைக்கூட மாற்றவில்லை. பெஞ்சில் தலையணையைப் போட்டுப் படுத்துவிட்டாள்.

"என்னம்மா இது?" என்று இன்ஸ்பெக்டர் பதறி எழுந்தார்.

"பேப்பர்ல அம்மனுக்கு நேரம் இருக்கு, மாதாவுக்கு நேரம் இருக்கு. எனக்கு இல்லையே சார். பக்கத்துல சத்தம் கேக்காத இடம் இது ஒண்ணுதான்."

பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போனாள். மனு கொடுக்க வந்தவர்கள் எட்டிப்பார்த்துப் போனார்கள். பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர், அவளை எழுப்பாமல், மெதுவான குரலில் இரு கமிட்டிக்கும் போன் போட்டார்.

காலை ஒன்பதிலிருந்து ரெண்டு வரை யாரும் போடக்கூடாது என்று பேப்பரில் ஒரு வரி சேர்ந்தது.

அதற்கடுத்த நாள் ஒன்பது மணிக்கு ஜெயராணி கட்டிலில் சாய்ந்தாள். பாட்டு நின்றது. உடனே பழனிவேலின் குரல் நாலு குழாயிலும் வந்தது. "பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு. நம் தெருவைச் சேர்ந்த செவிலியர் திருமதி ஜெயராணி ஆரோக்கியராஜ் அவர்கள் தற்போது தூங்கச் செல்வதால்..." அவர் முடித்ததும் அதையே மறுமுனையில் ஆரோக்கியராஜ் ஆறு குழாயிலும் படித்தார். இன்ஸ்பெக்டருக்கு நன்றி, ஒத்துழைப்புக்கு நன்றி எல்லாம் சொல்லி முடிக்க ஒன்பதே கால் ஆனது.

வெட்கத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அன்றைக்கு ரெண்டு மணிவரை நன்றாகத் தூங்கினாள். சாயங்காலம் டூட்டிக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "நல்லாத் தூங்குனீங்களாக்கா?" என்று அக்கறையாகக் கேட்டான்.