கெங்கம்மாள் தலையை ஆட்டியது

மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, மருத்துவ மாணவி தீபா கேள்விப் பட்டியலை மூன்றாம் முறையாகச் சரிபார்த்தாள். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிவப்பிரகாசத்தின் பிரவுசிங் சென்டர். 2008-ல் ஊரில் வெப்கேமரா ஒழுங்காக வேலை செய்த ஒரே இடம் அதுதான்.

மனநல வார்டில் இரண்டு வாரப் பயிற்சியை முடிக்காவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள், ஆறு மாதம் போய்விடும். படிக்கட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டவளுக்காக, கம்ப்யூட்டர் வழியாகவே நோயாளிகளிடம் பேசவைத்துப் பார்க்கலாம் என்று பேராசிரியை துர்கா ஒப்புக்கொண்டிருந்தார். கல்லூரிக்கு இது முதல் முயற்சி. இன்று கடைசி நாள். தினமும் நடந்ததையெல்லாம் தீபா நோட்டில் எழுதிவந்தாள். எழுத எழுதச் சந்தேகம்தான் கூடியது. பதிவுத்தாளில் ‘பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்’ என்று ஒரு கட்டம். நோயாளி எடுத்துக்கொண்டதா, நெட் எடுத்துக்கொண்டதா? ஒருநாளும் அதை அவள் நம்பி நிரப்பியதில்லை.

சிவப்பிரகாசம் பிளைவுட் தடுப்பைத் தட்டினார். “டாக்டரம்மா, ஜல்தி! ஆறு மணிக்கு கரண்ட் பூடும். அப்புறம் மெழுகுவர்த்தி வச்சிதான் வைத்தியம்.”

திரையில், மனநல வார்டிலிருந்து சேத்துப்பட்டு கெங்கம்மாள். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள். வார்டில் செய்வதுபோலவே துர்கா மாணவியைத் தனியே பேசவிட்டு, அங்கே கெங்கம்மாள் இருந்த அறையிலிருந்து வெளியே போயிருந்தார். தூக்கம், பசி, வீடு எல்லாம் கேட்டாயிற்று. மிச்சம் ஒரே கேள்வி. பக்கத்துத் தடுப்பில் யாரோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். தீபா குரலை இறக்கினாள்.

“செத்துப்போயிடலாம்னு எப்பவாச்சும் தோணுதாம்மா?”

மனதுக்குள் எண்ணினாள். பன்னிரண்டு வரை கெங்கம்மாள் அசையவில்லை. மறுபடி கேட்டாள். படம் ஒரு குதி குதித்தது.

“இன்னா பாப்பா, கேட்டதயே கேட்டுகினு கீறியே. மொதல்லயே தலைய ஆட்டினேனே, பாக்கல?”

“எப்படி ஆட்டினீங்க? ஆமான்னா, இல்லன்னா?”

“எத்தினி தபா ஆட்டுறது?”

கோபமில்லை, அலுப்புதான். தீபாவுக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. ‘பார்க்கவில்லை’ என்று எழுதினால் பயிற்சி கணக்கில் வராது. ‘இல்லை’ என்று எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனா தாளில் ஒரு புள்ளி வைத்து நின்றது. அவள் பேனாவை மூடினாள்.

“நான் பாக்கலம்மா. எனக்குப் படம் நின்னுபோச்சு. வாயால சொல்லுங்க.” இம்முறை சத்தமாகவே கேட்டாள். “செத்துப்போகணும்னு தோணுதா?”

பக்கத்தில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

கெங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவுக்கு மிக அருகில் வந்தாள். திரை முழுக்க அவள் நெற்றி, வகிட்டில் நரை. வாய் திரைக்குக் கீழே இருந்தது. சத்தம் இன்னும் வந்துசேரவில்லை.