தொண்ணூற்றெட்டு

இன்னும் கிழக்கு வெளுக்கவில்லை. ஈரத்துணிச் சுமை தோளை அழுத்த, அவள் சலவைக்கூடத்தின் உலர்த்தும் அறைக்குள் போனாள். ஆறு கரியடுப்புகள் கனன்றுகொண்டிருந்தன. வெள்ளைத் துணியில் தூசி படியக்கூடாதென்று சாத்திய சன்னல்கள் மூன்று மாதமாகத் திறக்கப்படவில்லை.

நான்காவது கொடியருகே கால் தானாக நின்றது. ஒன்பது நாளுக்கு முன் நாத்தனார் விழுந்து கிடந்தது அங்கேதான்.

"அண்ணி, தலை கிறுகிறுன்னு வருது."

அந்தக் குரல் இன்னும் அறையைவிட்டுப் போகவில்லை. அன்று அவளைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிவந்தபோது மேஸ்திரி ஆக்சிஜன் அளக்கும் கருவியை விரலில் மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. "முகம் செக்கச்செவேல்னு இருக்கு, இவளுக்கா மயக்கம்?" என்று சிரித்தார். இவளும்தான் சிரித்தாள். முதுகில் தட்டி உள்ளே அனுப்பியது இவள் கைதான். பிணமான பிறகும் உதட்டில் அந்தச் சிவப்பு மாறவில்லை.

நேற்றுதான் ஆஸ்பத்திரி நர்ஸ் விளக்கினாள். "ரத்தத்துல ஹீமோகுளோபின்னு ஒண்ணு இருக்குக்கா. நுரையீரல்ல ஆக்சிஜனை ஏத்திக்கிட்டுப் போய் உடம்பெல்லாம் இறக்கிவிடும். மூடின அறையில கரி எரிஞ்சா ஒரு வாயு வரும். வாசனையே கிடையாது. ஹீமோகுளோபின்ல அது ஏறி உக்காந்துட்டா லேசுல இறங்காது. ஆக்சிஜனுக்கு இடமிருக்காது. ஆனா ரத்தம் சிவப்பாவே இருக்கும். அந்தக் கருவிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இப்போது இவளுக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. சுமையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள். ஒவ்வொருவரையும் சோதித்து உள்ளே அனுப்ப வாசலில் முதலாளியே கருவியோடு நின்றார். மற்றவர்கள் வரிசையில் இருந்தார்கள்.

"விரலை நீட்டு."

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன், விரல் தேஞ்சிடுமா?"

"அது பொய் சொல்லுது மொதலாளி. அன்னிக்கும் நல்லாயிருக்கான்னுதான் சொல்லிச்சு."

"அவளுக்கு இதயம் நின்னுபோச்சு. டாக்டரே எழுதிட்டாரு."

"ஏன் நின்னுச்சுன்னு எழுதலையே. சன்னலைத் திறங்க, புகைபோக்கி வைங்க, எங்க ரத்தத்தைப் பரிசோதிங்க. அதுவரைக்கும் யாரும் உள்ள போகமாட்டோம்."

"யாரும்னா? நீ ஒருத்திதானே நிக்கிற?"

பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"எனக்கும் தினம் தலைவலி மொதலாளி," என்றார் இஸ்திரிக்காரர். "ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்ல. அதுக்கும் வாராந்திர லீவு போல."

யாரோ சிரித்தார்கள். வரிசை கலைந்தது. ஒவ்வொரு கையாக முந்தானைக்குள்ளும் சட்டைப்பைக்குள்ளும் மறைந்தது. முதலாளி போனை எடுத்து, "போலீஸ் வரட்டும்" என்றார்.

அவளும் மற்றவர்களும் வெளிப்புறமாகச் சுற்றிப்போனார்கள். துருவேறிய சன்னல் கதவை நான்கு பேர் சேர்ந்து நெம்பினார்கள். காற்று உள்ளே பாய்ந்தது. நான்காவது கொடியில் வெள்ளைத் துணி, யாரோ விலக்கிக்கொண்டு வருவதுபோல் அசைந்தது.

"வா," என்றாள் அந்தத் துணியிடம், மெதுவாக. "வெளியில வந்துடு." அடுத்த சன்னலில் கை வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஆறு கைகள் இருந்தன.